பதினான்கு நாள் வருகை

ஐம்பத்தெட்டுப் பேருக்கு வருகை எடுக்க கணக்கு டீச்சருக்கு ஒன்றரை நிமிடம் போதும். பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் இந்த வேகம் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான்கு நிமிடம் போய்விடும், அதிலும் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் இன்னும் அரை நிமிடம். அதனால் எண்களை மட்டும் சொல்லுவாள். "ஒண்ணு", "உள்ளேன் டீச்சர்". "ரெண்டு", "உள்ளேன் டீச்சர்". குனிந்த தலை நிமிராது. பேனா கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவிக்கொண்டே போகும். ஐம்பத்தெட்டு முடிந்ததும் பதிவேட்டை மூடிவிட்டு அதே மூச்சில் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுத்து வருகிறாள். பாடங்களை இரண்டு வாரம் முன்பாகவே முடித்துவிடுவாள். தேர்ச்சி தொண்ணூற்று மூன்று விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதில்லை. ஆசிரியர் கூட்டங்களில் தலைமையாசிரியர் அவளைக் காட்டித்தான் மற்றவர்களைக் கடிந்துகொள்வார். பிள்ளைகள் தனக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். தன் குரல் கணீரென்று கடைசி பெஞ்சு வரை கேட்பதால் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளூரச் சந்தோஷப்பட்டிருந்தாள். ரேடியோ பேசும், அதனிடம் யாரும் பேச முடியாது என்கிற அர்த்தம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதல் சில வருடங்கள் அவளும் பிள்ளைகளின் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தவள்தான். அப்போது வகுப்பில் முப்பத்து நான்கு பேர். பிறகு நாற்பத்தொன்று, நாற்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. நடுவில் அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்து போனாள். மகள் படிக்க விடுதிக்குப் போனாள். என்றைக்கு, எந்த மணிக்கு அவள் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. யாரோடும் சண்டை போட்டு நிறுத்தியதல்ல. தண்ணீர் வற்றுவதுபோல் சத்தமில்லாமல் நின்றுபோனது.

அன்று புதன்கிழமை, ஒன்பதாம் தேதி. முதல் பாடவேளையில், வருகை எடுக்கத் தொடங்குமுன்பே, அட்டெண்டர் அக்கா வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பெரியவர் கூப்பிடறார். வருகைப் பதிவேட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னார்."

தலைமையாசிரியர் அறையில் ஒரு ஆள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். நீலச் சட்டை, சட்டைப்பைமேல் லிஃப்ட் கம்பெனி ஒன்றின் பெயர்ப்பட்டை, விரல் நகங்களின் ஓரமெல்லாம் கருப்பு மசகு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இருந்த இரண்டு புத்தகங்களின் முதுகில் பள்ளி நூலக ஒட்டு தெரிந்தது.

"டீச்சர், உங்க எட்டாம் வகுப்பு 'ஈ' பிரிவு, முப்பத்தேழாம் நம்பர். இவர் அந்தப் பொண்ணோட அப்பா." தலைமையாசிரியரின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "பொண்ணு தவறிடுச்சாம்."

கணக்கு டீச்சர், "எப்போ?" என்றாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த ஆள் பாடம் ஒப்பிக்கிறவனைப்போலச் சொன்னான். "போன மாசம் இருபதாம் தேதி அவளோட பெரியம்மாவுக்கு ஆபரேஷன்னு அம்மாவும் பொண்ணுமா ஊருக்குப் போனாங்க. நாலு நாள்ல திரும்பறதா ஏற்பாடு. அங்க போய் காய்ச்சல் வந்துச்சு. முதல்ல சாதாரணக் காய்ச்சல்னாங்க. அப்புறம் தலைக்கு ஏறிடுச்சுன்னாங்க. இருபத்தெட்டு விடியக்காலையில முடிஞ்சிடுச்சு. நாங்க ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததுல ஸ்கூலுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணல மேடம். மன்னிச்சிடுங்க. லைப்ரரி புத்தகம் ரெண்டு வீட்டுல இருந்துச்சு. அதைக் குடுத்துட்டு, பேரையும் எடுக்கச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

தலைமையாசிரியர் பதிவேட்டை வாங்கிப் பிரித்தார். முப்பத்தேழாம் வரிசையில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். பாதி வழியில் விரல் நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. இருபது, இருபத்தொன்று, இருபத்து நான்கு. விடுமுறை நாட்களை விட்டால் பதினான்கு கட்டங்கள். பதினான்கிலும் வருகைக் குறி. கணக்கு டீச்சருக்குக் கணக்கு தானாகவே ஓடியது. ஆறு நாள் அந்தப் பெண் வேறு ஊரில் உயிரோடு இருந்தாள். எட்டு நாள் அவள் இல்லவே இல்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பா தலையைச் சாய்த்துப் பதிவேட்டைப் பார்த்தான். லிஃப்ட் பழுதுபார்க்கையில் அட்டவணைகளை எந்தப் பக்கமிருந்தும் படித்துப் பழகிய கண்கள். தலைகீழாகவும் படித்துவிட்டான்.

"நேத்துகூட வந்திருக்காளா?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டியும் கேட்கவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நிஜமாகவே கேட்டான். அந்த ஒரு கணத்தில் அவன் முகம் மாறியதைக் கணக்கு டீச்சர் பார்த்தாள். பல வருடங்களில் அவள் ஒரு முகத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியர் பதிவேட்டை மூடினார். அந்த ஆளின் முகம் பழையபடி ஆனது.

போகிறவன் சும்மா போகாமல் கேட்டான். "கிளாஸ்ல எப்படி மேடம் இருப்பா?"

"நல்ல பொண்ணு." வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள். இன்னும் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்ததால், "ரொம்ப அமைதி" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"அமைதியா?" அவன் கொஞ்சம் யோசித்தான். "வீட்டுல ஒரு நிமிஷம் வாய் மூட மாட்டா. வேலை முடிச்சு நான் உள்ள வந்ததும் ஆரம்பிப்பா. இன்னைக்கு எத்தனை மாடிக் கட்டடம், லிஃப்ட் எந்த மாடியில நின்னுச்சு, உள்ள யாரு மாட்டிக்கிட்டாங்க, அழுதாங்களா, நீ என்ன சொல்லி வெளிய எடுத்தேன்னு. ஒண்ணு விடாம சொன்னாத்தான் சாப்பிட விடுவா." பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "இங்க அமைதியா இருந்தாளா. சரி."

வாசல்வரை போனவன் திரும்பினான்.

"அவ உக்காந்த இடத்தைப் பாக்கலாமா?"

கூடாது என்று சொல்ல முடியவில்லை. நீண்ட நடைபாதையில் அவள் முன்னே நடந்தாள், அவன் பின்னே வந்தான். அந்தப் பெண்ணின் முகத்தை மனதுக்குள் தேடிக்கொண்டே நடந்தாள். இரட்டைச் சடை, வெள்ளைச் சட்டை, ஒரு எண். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வகுப்பு வாசலுக்கு வந்ததும் ஐம்பத்தேழு பேரும் எழுந்து நின்றார்கள். எல்லா பெஞ்சும் நிறைந்திருந்தது. நெருக்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்த ஒரு இடத்தைத் தாராளமாகப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். இடைவெளியே இல்லை.

எந்தப் பக்கம் கை நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள். வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"முப்பத்தேழாம் நம்பர் எங்க உக்காருவா?"

அந்தக் கேள்வி அப்பாவின் காதிலும் விழுந்தது.

ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் நின்றிருந்த ஒல்லியான ஒரு பெண் கொஞ்சம் நகர்ந்தாள். கையால் தன் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அவளுடைய பார்வை டீச்சரைத் தாண்டி அந்த ஆள் மேல் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"அங்கிள்! அவ ஊர்லேர்ந்து வந்துட்டாளா?"

அவன் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனான். மேல்பலகையில் கையை வைத்தான். காம்பஸ் முனையால் யாரோ கீறிய பூ ஒன்று அதில் இருந்தது. அதை விரலால் ஒரு தடவை தடவினான். பிறகு அந்த ஒல்லிப் பெண்ணின் தலையில் கை வைத்து, "இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டான். புத்தகப் பையைக் கொடுக்க மறந்து, நடைபாதைக் கடைசியிலிருந்து திரும்பி வந்து, அட்டெண்டர் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

விஷயத்தை வகுப்புக்குச் சொல்லவேண்டியது கணக்கு டீச்சர்தான். சொன்னாள். அதே கணீர்க் குரலில், கூட்டல் கழித்தலை விளக்குகிற மாதிரி, என்றைக்கு, எதனால் என்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே சில பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒல்லிப் பெண் அழவில்லை. வாயைத் திறந்தபடி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கும் அழுகை வரவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்டால் உதடு யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது மனசு.

சாயங்காலம் எல்லோரும் போனபின் ஆசிரியர் அறை அலமாரியைத் திறந்தாள். போன மாதம் பதினெட்டாம் தேதி வாங்கிவைத்த கணக்கு நோட்டுகள் திருப்பிக் கொடுக்கப்படாமலே அடுக்கில் இருந்தன. ஐம்பத்தெட்டு நோட்டையும் ஒரே மூச்சில் முக்கால் மணி நேரத்தில் 'பார்க்கிறவள்' அவள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக், கடைசியில் கையெழுத்து, தேதி. முப்பத்தேழாவதைத் தேடி எடுத்தாள். எழுத்து குண்டு குண்டாக, வரியை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது.

பாதி நோட்டு தாண்டியதும் ஒரு பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: 'டீச்சர், மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் ஏன் வருகிறது? விதி என்று சொன்னீர்கள். விதியை யார் போட்டது?'

அதன்மேலேயே அவளுடைய சிவப்பு டிக் ஓடியிருந்தது.

அடுத்த மாதத்துத் தேதியில் இன்னொன்று: 'டீச்சர், போன கேள்விக்கு டிக் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் கேள்வி சரியா?' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தது.

அதற்கும் டிக்.

கடைசியில், பதினெட்டாம் தேதி வாங்கிய வீட்டுப்பாடத்துக்குக் கீழே: 'டீச்சர், நீங்கள் இதைப் படிக்கிறீர்களா?'

டிக். கையெழுத்து. தேதி.

நோட்டை மூடினாள். மறுபடி திறந்தாள். டிக்குகள் அழகாக, ஒரே சாய்வில் இருந்தன. வாசல் பூட்டவேண்டும் என்று வாட்ச்மேன் வந்து சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவர் பஸ் டெப்போவில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்தார். அன்றிரவு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நீ என்ன பண்ணுவ? காய்ச்சல்ல போன பிள்ளை. நீ கவனிச்சிருந்தா மட்டும் பொழைச்சிருக்குமா?"

"பொழைச்சிருக்காது."

"அப்புறம் என்ன?"

"மூஞ்சி ஞாபகம் வரல."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அழுதுடு. சரியாப் போயிடும்."

"வரல."

"வரும்" என்றார். பஸ் வரும் என்று சொல்வதுபோல, நிச்சயமாக. அழுகை வரவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்த ஒல்லிப் பெண்ணைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த கல் பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். வருகைப் பட்டியலில் முப்பத்தாறு அவள். உட்காரச் சொன்னதும் பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

"அவளுக்குப் பதிலா யாரு உள்ளேன் சொன்னது?"

"நான்தான் டீச்சர். குரலை மாத்தி." கொஞ்சம் பொறுத்துத் தொடர்ந்தாள். "நாலு நாள்ல வந்துடுவேன், அதுவரைக்கும் பாத்துக்கோன்னா. வருகை குறைஞ்சா பரிட்சை எழுத விட மாட்டாங்கன்னு நீங்கதான் டீச்சர் சொன்னீங்க."

"நாலு நாளுக்கு அப்புறம்?"

"நாளைக்கு வந்துடுவான்னு நெனச்சேன். மறுநாளும் அப்படித்தான். நடுவுல நிறுத்தினா அவ மாட்டிக்குவாளேன்னு..."

"பயமா இல்லையா?"

"முதல் ரெண்டு நாள் பயமா இருந்துச்சு. நீங்க நிமிர்ந்து பாத்துட்டா போச்சேன்னு. அப்புறம் பயம் போயிடுச்சு டீச்சர்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எழுந்து அதை இறுக்க மூடிவிட்டு வந்து மறுபடி அதே நுனியில் உட்கார்ந்தாள்.

"அப்போ... நான் அவளுக்காக உள்ளேன் சொன்னப்ப அவ..."

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் டீச்சர். "தப்பு உன்னோடது இல்ல."

"என் பேரு தெரியுமா டீச்சர்?"

அதைக் கேட்டவள் துடுக்காகக் கேட்கவில்லை. டீச்சர் அன்று காலையில்தான் பட்டியலைப் பார்த்து அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருந்தாள். சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, "வீட்டுல வேற பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அவளும் அதையேதான் கூப்பிடுவா" என்றாள். அது என்ன பெயர் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கண்ணியமான மனிதர். பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு, எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டுப் போனார். தலைமையாசிரியர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"பணிச்சுமை காரணமா கவனம் தவறிடுச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. ஐம்பத்தெட்டுப் பேர், ஆறு பாடவேளை, தேர்வு வேலைன்னு நானும் ஒரு கடிதம் வைக்கறேன். ஒண்ணும் ஆகாது."

அவள் எழுதிக் கொடுத்தது வேறு: 'எட்டு மாதம் என் வகுப்பில் படித்த அந்த மாணவியின் முகம் எனக்குத் தெரியாது. அதனால் அவள் வராதது தெரியவில்லை.'

"இப்படியா எழுதுவாங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அவர். "நமக்கு நாமே குழி வெட்டிக்கற மாதிரி இருக்கு."

"வேற மாதிரி எழுத வரல சார்."

அந்த வாரமே, சேர்க்கை விண்ணப்பக் கோப்பில் முப்பத்தேழாம் எண்ணின் புகைப்படத்தைத் தேடிப் பார்த்தாள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. பத்து வயதில் எடுத்தது. முன்பல் ஒன்று இல்லாமல், கேமராவைப் பார்த்து எதையோ கேட்க வாயெடுத்த மாதிரி ஒரு குழந்தை. வெகு நேரம் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. யாரோ ஒரு குழந்தை. அவ்வளவுதான்.

திங்கட்கிழமையிலிருந்து மதிய இடைவேளையில் தினமும் இரண்டு பேரைக் குழாய் பெஞ்சுக்கு வரச் சொன்னாள். பெரிய முடிவெதுவும் எடுத்துச் செய்யவில்லை. சும்மா இருக்க முடியாததால் செய்தாள். முதல் எண்ணிலிருந்து வரிசையாக. சாப்பாட்டு டப்பாவோடு வரவேண்டும், சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.

முதல் வாரம் படு தோல்வி. வந்தவர்களெல்லாம் கட்டி வைத்து அடிக்கப் போகிறார்கள் என்பதுபோல வந்தார்கள். "நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றுதான் பேச்சே தொடங்கியது. வீட்டில் யார் யார் என்று கேட்டால் விண்ணப்பம் நிரப்புவதுபோலப் பதில் வந்தது. ஒருத்தன் டப்பாவையே திறக்கவில்லை. அவளுக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. பாடத்தைத் தவிர வேறு எதையும் குழந்தைகளிடம் பேசி எத்தனையோ வருடமாகிவிட்டது. மகளிடம் போனில் பேசும்போதும், "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டியதில்லை என்பது நான்காம் நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

ஆசிரியர் அறையில் அறிவியல் டீச்சர் விடவில்லை. "என்ன, குழாயடியில பாவமன்னிப்புக் குடுக்கறீங்களாமே? வரிசை நீளமா?"

கணக்கு டீச்சர் தேநீரைக் குடித்தாள்.

"நான் கேக்கறேன், ஐம்பத்தேழு பேர்கிட்டயும் தனித்தனியா பேசிட்டிருந்தா பாடத்தை யாரு எடுக்கறது?"

"தெரியல" என்றாள். "பேசாம இத்தனை வருஷம் எடுத்தேனே, அது யாருக்குப் போய்ச் சேர்ந்ததுன்னும் தெரியல."

அறிவியல் டீச்சர் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, தன் வகுப்பில் அடிக்கடி தூங்கி விழுகிற ஒருத்தியைப் பற்றி, "அவளை ஒருநாள் நானும் கூப்பிட்டுக் கேக்கலாம்னு இருக்கேன். என்ன கேக்கறது?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"ஒண்ணும் கேக்காதீங்க. பக்கத்துல உக்காருங்க, அது போதும்."

மெல்ல மெல்லத்தான் பேச்சு வந்தது. பன்னிரண்டாம் எண்ணுக்கு வலது காது கேட்காது. இரண்டு வருடமாக அவனை வலது காது கரும்பலகைப் பக்கம் இருக்கும்படி இடது சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை, கேட்டவரும் இல்லை. பதினேழாம் எண் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வந்து தினமும் வாசலில் நிற்பாள். தம்பியை வேறு பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வருகிறவள். ஐந்தாம் எண் மனக்கணக்கில் புலி, ஆனால் எழுத ஆரம்பித்தால் கை வலித்து எழுத்து நின்றுவிடும். அவனைச் சோம்பேறி என்று அவளே மூன்று தடவை மதிப்பெண் அட்டையில் எழுதியிருந்தாள்.

இருபதாம் எண்ணின் முறை வந்தது. கூட ஒரு துணையோடு வந்தான். பேச வேண்டியதையெல்லாம் அந்தத் துணைதான் பேசினான்.

"நீ சொல்லு" என்றாள் டீச்சர் இருபதாம் எண்ணைப் பார்த்து.

அவன் வாயைத் திறந்தான். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டப்பாவில் இருந்ததை மென்றுகொண்டு காத்திருந்தாள்.

"உ... உ... உள்ளேன் சொல்ல வ... வராது டீச்சர். இவன்தான் எ... எனக்கும் சொல்லுவான்."

"எத்தனை நாளா?"

"வருஷ ஆரம்பத்துலேர்ந்து" என்றான் துணைக்கு வந்தவன், கொஞ்சம் பெருமையாக.

அடுத்த நாளிலிருந்து அவள் வருகையை எண் சொல்லி எடுக்கவில்லை. எழுந்து பெஞ்சு பெஞ்சாக நடந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, பார்த்த முகத்துக்குக் குறி போட்டாள். யாரும் வாயைத் திறக்கவேண்டியதில்லை. ஆறு நிமிடம் ஆயிற்று. முப்பத்தேழின் வரிசையில் தலைமையாசிரியர் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார். அந்தக் கோட்டைத் தாண்டும்போது தினமும் பேனா ஒரு நொடி நின்றது. அங்கே அவளுக்கு எதுவும் தோன்றவில்லை என்பதையும் தினமும் கவனித்தாள்.

ஒல்லிப் பெண்ணின் முறை வந்தபோது, "எங்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள். இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். மறுவாரம் தானாகவே வந்து உட்கார்ந்தாள். அன்றும் பேசவில்லை. மூன்றாவது முறை, "அவ எப்பவும் உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லுவா டீச்சர்" என்று ஆரம்பித்தாள். டீச்சரின் கை நின்றது.

"என்னன்னு?"

"கோபம் இல்லாத டீச்சர் இவங்க ஒருத்தர்தான், அதனால இவங்ககிட்ட கேக்கலாம், என்னைக்காவது ஒருநாள் பாப்பாங்கன்னு."

டீச்சர் கையிலிருந்த கவளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சாப்பிட்டாள். தொண்டையில் இறங்கியது தெரிந்தது, ருசி தெரியவில்லை.

கதைகளில் வருவதுபோல அந்த வருடம் மதிப்பெண் ஏறவில்லை. பாடங்கள் மூன்று வாரம் பின்தங்கின. தேர்ச்சி எண்பத்தொன்பது விழுக்காடு. இருபத்திரண்டு வருடத்தில் மிகக் குறைவு. ஆண்டு இறுதிக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவளைக் காட்டி யாரையும் கடிந்துகொள்ளவில்லை, அவளையும் கடிந்துகொள்ளவில்லை. ஐந்தாம் எண்ணுக்கு எழுத்தர் வைத்துத் தேர்வெழுத அனுமதி கிடைத்தது. பன்னிரண்டாம் எண் வலது சுவரோரம் மாறினான். இவ்வளவுதான் கணக்கில் காட்டக் கூடியது. மற்றதைக் காட்ட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கோடை விடுமுறையில் உத்தரவு வந்தது. பணியில் கவனக்குறைவு என்று ஒரு குறிப்பு, வேறு பள்ளிக்கு மாற்றல். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். கணவர் டெப்போவில் விசாரித்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "உனக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, "பாக்கணும்" என்றாள்.

புதிய பள்ளியில் அவளுக்குக் கொடுத்த வகுப்பில் அறுபத்து நான்கு பேர். சுண்ணாம்பு புதிதாக அடித்த நீள அறை, சுவரில் ஈர வாசனை. பதிவேட்டை மேஜைமேல் வைத்தாள். அறுபத்து நான்கு முகங்களும் அவளையே பார்த்தன. ஒரு முகமும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு முதல் பெஞ்சின் முனையில் இருந்த, எண்ணெய் வழியச் சீவிய ஒரு சிறுமியிடம் போய், பெஞ்சில் இடம் விடச் சொல்லி உட்கார்ந்தாள். வகுப்பு சலசலத்தது.

"உன் பேரு என்ன?"

அவள் சொன்னாள்.

"ஏதாவது சொல்லணும்னா சொல்லு."

சிறுமி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி டீச்சரைப் பார்த்தாள்.

"இந்த ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது டீச்சர். எந்த நேரம் தலையில விழுமோன்னு இருக்கு."

டீச்சர் அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் 'டக்'கென்று தட்டிக்கொண்டு ஆடிச் சுழன்றது.

"ஆமா" என்றாள். "வேற?"

"வேற ஒண்ணும் இல்ல டீச்சர்."

"சரி. இதை முதல்ல சொல்லிட்டு வருவோம், வா" என்று எழுந்து, அந்தச் சிறுமியையும் அழைத்துக்கொண்டு அலுவலக அறையைத் தேடி நடந்தாள். அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சிறுமிதான் வழி சொல்லிக்கொண்டு முன்னே போனாள்.